கண்டோன்மெண்ட் பதிவேட்டில் இருந்த பெண்களைத் தேடுவது எப்படி: வேலூர், இராணிப்பேட்டை ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர்க் கோட்டையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1806 ஜூலை 10 அதிகாலையில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சியில் தொடங்கி, பெரும்பாலும் அன்று பிற்பகலிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டையை ஒட்டியும், பாலாற்றின் வடகரையில் இராணிப்பேட்டையிலிருந்த குதிரைப்படை முகாமை (கண்டோன்மெண்ட்) ஒட்டியும் பரத்தையர் விடுதிகளில் பிழைத்த பெண்களைப் பற்றி ஊர் வரலாறுகளில் ஒரு பத்தி கிடைப்பதே அரிது. ஆனால் ஆங்கிலேய அரசு இந்தப் பெண்களை எண்ணியது, பரிசோதித்தது, சீட்டுக் கொடுத்தது, அடைத்து வைத்தது. அத்தனையையும் எழுதியும் வைத்தது. அந்த எழுத்திலிருந்து அவர்களுடைய வாழ்க்கையை, குறிப்பாக அவர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்பதை, எப்படித் தேடி எடுப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். முதுகலை மாணவர்களையும், சொந்த ஊரின் வரலாற்றைத் தாமே எழுத முனைகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"அந்த விடுதிகளில் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்களா" என்று கேட்டுக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். எந்தக் கோப்பும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாது. அதை நான்காகப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெண்ணால் அந்த வீட்டையும் அந்த முகாமையும் விட்டு வெளியேற முடிந்ததா? வருகிறவனை வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா? வந்த பணம் யார் கையில் தங்கியது? பதிவேட்டில் ஏறிய பெயரை நீக்கிக்கொள்ள வழி இருந்ததா? இந்த நான்கில் முதலாவதற்கும் நான்காவதற்கும் அரசு ஆவணங்களில் ஓரளவு விடை உண்டு. மூன்றாவதற்கு நீதிமன்ற வழக்குகளில் துணுக்குகள் அகப்படும். இரண்டாவதைப் பற்றி அரசு அக்கறை கொள்ளவே இல்லை. ஆகவே அது குறித்த மௌனத்தையும் ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. இந்தப் பெண்களின் மேல் இரண்டு பிடிகள் இருந்தன. ஒன்று விடுதியை நடத்தியவரின் பிடி: கடன், முன்பணம், சிறுமியாக வாங்கி வளர்த்த உரிமை ஆகியவற்றால் ஆனது. மற்றொன்று அரசின் பிடி: பதிவு, பரிசோதனை, மருத்துவமனைக் காவல் ஆகியவற்றால் ஆனது. ஒன்று தளர்ந்தபோது மற்றதும் தளர்ந்தது என்று கொள்ளக் கூடாது. அரசு பதிவேட்டை மூடிய ஆண்டில் விடுதிக்காரியின் கடன் கணக்கு மூடப்படவில்லை.

சட்டங்களின் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஒரு கோப்பின் தேதியைப் பார்த்தவுடன் அப்போது எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால், அதிலுள்ள சொற்களின் பொருளே மாறிவிடும்.

பாலியல் நோய்க்கெனத் தனியாக வைத்திருந்த மருத்துவமனைக்கு லாக் ஆஸ்பத்திரி என்று பெயர். சென்னை மாகாணத்துப் படை முகாம்களில் 1805 முதலே இவை தோன்றி, 1830களில் பயனில்லை என்று மூடப்பட்டன. 1857க்குப் பிறகு இந்தியாவில் ஐரோப்பியப் படைவீரர்களின் எண்ணிக்கை பெருகியது. அவர்களுடைய உடல்நலத்தை ஆராய்ந்த அரசக் குழுவின் அறிக்கை 1863இல் வந்ததும் பழைய ஏற்பாடு புதிய வலிமையுடன் திரும்பியது. 1864ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமான கண்டோன்மெண்ட் சட்டம், முகாம் எல்லைக்குள் இருந்த விடுதிகளைக் கண்காணிக்கவும் நோய் பரவாமல் தடுக்கவும் விதிகள் செய்ய அனுமதித்தது. அந்த விதிகள் பெண்களை இரண்டு வகுப்பாகப் பிரித்தன. ஐரோப்பியப் படைவீரர்கள் வந்துபோகும் பெண்கள் முதல் வகுப்பு. மற்றவர்கள் இரண்டாம் வகுப்பு. பதிவும் கட்டாயப் பரிசோதனையும் முதல் வகுப்பின் மேல்தான் விழுந்தன. ஊர் மக்களின் நலத்துக்காகச் செய்த ஏற்பாடு இது என்று எவரேனும் வாதிட்டால் இந்த வகுப்புப் பிரிவை எடுத்துக் காட்டினால் போதும்.

1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், அதாவது இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம், இதே முறையை முகாம்களுக்கு வெளியே நகரங்களுக்கும் நீட்ட வழி செய்தது. பெண்கள் மட்டுமல்லாமல் விடுதி நடத்துகிறவர்களும் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. "பொதுமகள்" என்ற சொல்லின் வரம்பை அன்றைய நடைமுறை தெளிவாக்கவே இல்லை. போலீசாரின் சந்தேகமே ஒருத்தியைப் பதிவேட்டின் வாசலில் நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

1886 ஜூனில் இந்தியத் தலைமைத் தளபதி ராபர்ட்சின் கீழிருந்த குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் அலுவலகம், அதாவது படைகளின் தங்குமிடத்தையும் தேவைகளையும் கவனித்த அலுவலகம், ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. படைக் கடைத்தெருக்களில் போதிய எண்ணிக்கையில், பார்ப்பதற்கு ஏற்ற பெண்கள் இருக்க வேண்டும் என்றும், அவர்களுக்குத் தகுந்த வீடுகள் தர வேண்டும் என்றும் அது கூறியது. ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் என்பதை நம் பகுதி ஆய்வாளர்கள் மறக்கலாகாது. 1888இல் இந்தச் சுற்றறிக்கை இங்கிலாந்தில் அச்சேறிப் பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. அவ்வாண்டு ஜூன் 5 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுச் சபை கட்டாயப் பரிசோதனையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தொற்றுநோய்ச் சட்டமும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

முறை அதோடு ஒழிந்ததா என்றால் இல்லை. 1889இன் புதிய கண்டோன்மெண்ட் சட்டத்தின் கீழ் லாக் ஆஸ்பத்திரிகள் கண்டோன்மெண்ட் மருத்துவமனைகள் என்ற பெயரில் தொடர்ந்தன. நோயுள்ளவள் என்று ஐயுறப்பட்ட பெண் மருத்துவமனைக்குப் போக மறுத்தால் முகாமை விட்டு வெளியேற்றப்படலாம் என்று விதி வந்தது. காகிதத்தில் இதற்கு "விருப்பத்தின்பேரில்" என்று பெயர். வீட்டையும் பிழைப்பையும் ஒருசேர இழப்பதா, பரிசோதனைக்கு உடன்படுவதா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வதை விருப்பம் என்று எழுதிய அந்தச் சொல்லை நீங்களும் அப்படியே எடுத்தாளாதீர்கள்.

1891–92இல் எலிசபெத் ஆண்ட்ரூ, கேத்தரின் புஷ்னெல் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் பல முகாம்களுக்குச் சென்று, அங்கிருந்த பெண்களிடமே பேசித் திரட்டிய சாட்சியத்தை 1893இல் லண்டனில் ஒரு விசாரணைக் குழுவின் முன் அளித்தார்கள். முதலில் மறுத்த ராபர்ட்ஸ் பின்னர் அவர்களிடம் மன்னிப்புக் கோரினார். 1895இல் கட்டாயப் பரிசோதனையைத் தடை செய்யும் திருத்தம் வந்தது. 1897இல் அது தளர்த்தப்பட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த இருவரும் பார்த்தவை வட இந்திய முகாம்கள். மீரட்டிலோ லக்னோவிலோ ஒரு பெண் சொன்னதை எடுத்து வேலூர்ப் பெண்ணின் வாயில் வைப்பது எளிது; பலர் வைத்தும் விடுகிறார்கள். அதை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துங்கள், சான்றாக அல்ல.

மாவட்டத்தின் எல்லை உங்களைத் திசைதிருப்பும்

இன்றைய வேலூர் மாவட்டத்தை நினைத்துக்கொண்டு தேடினால் பாதிக் கோப்புகள் தப்பிவிடும். வேலூரும் இராணிப்பேட்டையும் அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன; 1911 வரை அதன் தலைமையிடம் சித்தூர். வேலூருக்கு அது மாறியது சித்தூர் தனி மாவட்டமான பிறகே. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் எழுதிய கடிதங்கள் சித்தூரிலிருந்து கிளம்பியவை. ஆர்க்காட்டு முகாம் என்று ஆவணம் சொல்வது பெரும்பாலும் ஆற்றுக்கு வடக்கே இருந்த இராணிப்பேட்டையை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு படைகளின் இடமாற்றம் விரைவானது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு படைப்பிரிவு ஊரை விட்டுக் கிளம்பிய மாதத்தில் பதிவேட்டின் எண்ணிக்கை என்னவாகிறது என்று பார்ப்பது மிகப் பயனுள்ள ஒரு சிறு பயிற்சி.

முகாமின் எல்லையை ஒரு பழைய வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதை நடந்தும் பாருங்கள். வேலூரில் ஆபீசர்ஸ் லைன், கண்டோன்மெண்ட் ரயில் நிலையம் என்ற பெயர்களாவது மிஞ்சியிருக்கின்றன. எல்லைக்கோடு எங்கே போனது என்பது நம் கேள்விக்கு உயிரான செய்தி. விதிகள் பெரும்பாலும் அந்தக் கோடு வரைதான் செல்லும். கோட்டுக்கு அப்பால் ஒரு தெரு தள்ளிக் குடியேறிய பெண், 1864ஆம் ஆண்டு விதிகளின் கையிலிருந்து நழுவியிருக்கலாம்.

எங்கே, எந்தத் தலைப்பில் தேடுவது

முதல் இடம் எழும்பூரில் 1909இல் கட்டிய சிவப்புக் கட்டடத்திலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பித்து அனுமதி பெற்றுக்கொண்டு, நேராகக் கோப்புகளைக் கேட்காமல், ஆண்டுவாரியான பொருளடக்கத் தொகுதிகளோடு இரண்டு நாட்களைச் செலவிடுங்கள். இராணுவத் துறையின் நடவடிக்கைகளில் லாக் ஆஸ்பத்திரி, கண்டோன்மெண்ட் ஆகிய தலைப்புகளைப் பாருங்கள். நீதித் துறையில் போலீசு, கண்டோன்மெண்ட் மாஜிஸ்திரேட்டு, மனுக்கள் என்ற தலைப்புகளையும், பொதுத் துறையில் மருத்துவமனை, சுகாதாரம் என்ற தலைப்புகளையும் பாருங்கள். 1889க்குப் பிறகு "லாக்" என்ற சொல் தலைப்புகளில் அருகிவிடும். அப்போது "கண்டோன்மெண்ட் மருத்துவமனை", "வெளியேற்றம்" ஆகியவற்றைத் தேட வேண்டும். பெண் என்ற சொல் தலைப்பில் வருவது அரிது. நோயின் பெயரிலோ கட்டடத்தின் பெயரிலோதான் பெண்கள் அந்தத் தொகுதிகளில் ஒளிந்திருக்கிறார்கள்.

எழும்பூருக்கு அடிக்கடி போக இயலாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னை மாகாண இராணுவ லாக் ஆஸ்பத்திரிகளின் ஆண்டறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. காட்பாடியில் உட்கார்ந்துகொண்டே இவற்றைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். 1881இல் வெளிவந்து 1890களில் திருத்தப்பட்ட வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தாலுகாக்கள், சாலைகள், படை நிலைகள் ஆகியவை விளங்கும்.

ஆண்டறிக்கையை வாசிக்கும் முறை

அறிக்கையைத் திறந்தவுடன் எண்கள் நிறைந்த அட்டவணை கண்ணில் படும். பதிவிலுள்ள பெண்கள், பரிசோதனைக்கு வந்தவர்கள், வராதவர்கள், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள், பக்கத்திலேயே ஆயிரம் வீரர்களுக்கு எத்தனை பேர் நோயுற்றார்கள் என்ற கணக்கு. இந்தக் கடைசிக் கணக்குக்காகத்தான் மற்ற எல்லாக் கட்டங்களும் போடப்பட்டன. வீரனின் நோய் குறைந்தால் திட்டம் வெற்றி. பெண் குணமானாளா என்பது துணைச் செய்தி.

"நோயுற்றவர்" என்ற கட்டத்தை நம்பும் முன் மருத்துவ வரலாற்றில் இரண்டு ஆண்டுகளை நினைவில் கொள்ளுங்கள். மேகவெட்டை (கொனோரியா) நோயின் கிருமியை நைசர் கண்டறிந்தது 1879இல். கிரந்தி (சிபிலிஸ்) நோய்க்கான வாசர்மன் இரத்தப் பரிசோதனை வந்தது 1906இல். ஆகவே பதிவேடுகள் நடந்த காலமெல்லாம் மருத்துவரின் கண்ணே தீர்ப்புச் சொன்னது. சாதாரண வெள்ளைப்படுதலுக்காகவும் ஒரு பெண் வாரக்கணக்கில் அடைபட்டிருக்கலாம். அப்படி அடைபட்டவளுக்குக் கொடுத்த மருந்தோ பாதரசம். ஈறு வீங்கிப் பல் ஆடும் அளவுக்கு உடலைக் கெடுக்கும் மருந்து. பெனிசிலின் வந்தது 1940களில். அட்டவணையில் "சராசரித் தங்கல் நாட்கள்" என்ற கட்டத்தைக் காணும்போது, ஒரு பெண்ணின் வீட்டில் அத்தனை நாள் அடுப்பை யார் மூட்டினார்கள், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று உடனே ஓரத்தில் எழுதிவிடுங்கள். விடையை மருத்துவமனை தந்த உணவுப்படிக் கணக்கிலோ மனுக்களிலோ பிறகு தேடலாம்.

எண்களைக் கடந்து, அட்டவணைக்குக் கீழே மருத்துவ அதிகாரி எழுதும் விளக்கத்துக்கு வாருங்கள். இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: அதிகாரியின் புகார்களை வரிசையாகப் பட்டியலிடுங்கள். பெண்கள் எல்லைக்கு வெளியே உள்ள கிராமங்களுக்குக் குடிபெயர்கிறார்கள் என்று அவர் நொந்துகொள்வார். பதியாமல் மறைவாகத் தொழில் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பார். கூலிவேலைக்காரி, புல் விற்பவள், ஒருவனோடு வாழ்பவள் என்று சொல்லித் தப்பிக்கிறார்கள் என்பார். பரிசோதனை நாளன்று ஊரில் இருப்பதில்லை என்பார். தாதிகளும் சேவகர்களும் காசு வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள் என்றும் சில அறிக்கைகள் ஒப்புக்கொள்ளும். அதிகாரிக்குத் தொல்லையாக இருந்த ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பெண் தன் நாளைத் தானே தீர்மானிக்கச் செய்த ஒரு முயற்சி. அந்தப் பெண்களின் செயலை நமக்குச் சொல்லக்கூடிய சாட்சிகள் வேறு அதிகம் எஞ்சவில்லை.

ஆனால் அளவு மீறாதீர்கள். எல்லை தாண்டிய பெண்ணை எதிர்ப்புப் போராளி என்று எழுதுவதற்கு முன், தாண்டியபின் அவள் நிலை என்ன என்று கேளுங்கள். சேவகனுக்குக் கொடுத்த லஞ்சம் அவள் வருமானத்திலிருந்து போனது. மறைவாகத் தொழில் செய்தவளை வருகிறவன் அடித்தால் முறையிட இடமில்லை. புல் விற்பவள் என்று சொன்னவர்களில் உண்மையிலேயே புல் மட்டும் விற்றவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களையும் சந்தேகத்தின்பேரில் இழுத்துச் சென்றதும் இதே முறைதான். 1876–78 பெரும் பஞ்சத்தில் வட ஆர்க்காடு கடுமையாக அடிபட்டது. அந்த ஆண்டுகளின் பதிவு எண்ணிக்கையை முந்திய ஆண்டுகளோடு ஒப்பிடாமல் "விருப்பத் தொழில்", "வற்புறுத்தல்" என்று எந்தப் பக்கமும் சாய்ந்து எழுதக் கூடாது.

மனுக்கள், வழக்குகள்

பெண்ணின் குரலுக்கு மிக அருகில் கொண்டுபோவது மனு. அதுவும் அவர் எழுதியதன்று. மனு எழுதிப் பிழைத்தவர் எழுதி, அரசு மொழிபெயர்ப்பாளர் சுருக்கி, எழுத்தர் பெயர்த்தெழுதியது. "ஏழை", "திக்கற்றவள்" போன்ற சொற்கள் எல்லா மனுவிலும் வரும் வாய்பாடு. அவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள்: ஒரு தேதி, ஒரு சேவகன் கேட்ட தொகை, ஒரு வீட்டின் இருப்பிடம், பெயரை நீக்கக் கேட்கும் காரணம். வாய்பாட்டில் வராத இந்தச் சிறு விவரங்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணே சொல்லி எழுதச் செய்தவையாக இருக்கும்.

பணம், கடன் பற்றிய விவரங்களுக்கு வழக்குகளை நாடுங்கள். 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள், பரத்தைமைக்காகச் சிறுமியரை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. இந்தப் பிரிவுகளில் வந்த வழக்குகளில் கோயில் தாசியர் மகளைச் சுவீகாரம் எடுத்த வழக்குகளும் கலந்திருக்கும். பெண் வழியில் சொத்து இறங்குவதையும், மகளைச் சுவீகாரம் எடுப்பதையும் வழக்காறாகக் கொண்ட அவர்களை முகாம் விடுதிப் பெண்களோடு ஒரே சொல்லால் அழைத்தது அந்தக் கால அரசு. மொழிபெயர்ப்பில் "தாசி" என்று இருந்தால் மூலத்தில் என்ன சொல் இருந்தது என்று பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். 1930இன் சென்னைப் பரத்தைமை ஒழிப்புச் சட்டத்தையும், 1947இன் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையும் பேசும் இடம் வேறு. நம் பதிவேட்டுக் காலத்தோடு அவற்றைக் குழப்ப வேண்டாம்.

சொல்லும் பெயரும்

எழுதும்போது "வேசி", "விலைமகள்" என்ற சொற்களை மேற்கோளுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "பாலியல் தொழிலாளர்" என்ற இன்றைய சொல்லும் எல்லா இடத்திலும் பொருந்தாது, ஏனென்றால் பதிவில் ஏறியவர்களில் சந்தேகத்தால் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. "பதிவுக்குட்பட்ட பெண்கள்" என்பதே என் வழக்கம். ஆவணம் உறுதியாகச் சொல்வது அவ்வளவுதான்.

பதிவேட்டுப் பெயர் ஒன்றை முழுமையாகக் கண்டெடுத்தால் மகிழ்ச்சியில் அச்சிட்டுவிடாதீர்கள். தெருவின் பெயரும் சாதியின் பெயரும் சேர்ந்து வந்தால், அதே தெருவில் இன்று வாழும் குடும்பத்தின் மேல் அது விழும். முதல் எழுத்தும் ஆண்டும் போதும். பல ஆண்டுகளுக்கு முன், ஆர்வ மிகுதியால் ஒரு மூதாட்டியிடம் அவர் தெருவின் பழைய பெயரைச் சொல்லி, அங்கே இருந்த வீடுகளைப் பற்றி நேரடியாகக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்று நான் செய்ததும், சந்தேகத்தின்பேரில் கதவைத் தட்டியவர்கள் செய்ததும் அவருக்கு வேறாகத் தோன்றியிருக்காது. அதன்பின் இந்தப் பொருளில் வாய்மொழி வரலாறு சேகரிப்பதானால், கேள்வியைப் படை முகாமைப் பற்றியும், அங்கே என்னென்ன வேலைகள் கிடைத்தன என்பது பற்றியும் மட்டுமே கேட்கிறேன். சொல்ல விரும்புகிறவர்கள் மற்றதைத் தாமே சொல்கிறார்கள்.

கோப்பு கிடைக்காதபோது

கேட்ட அரசாணை "இல்லை" என்று திரும்பி வந்தால் அந்தச் சீட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஒரே கடிதம் இராணுவத் துறையில் அழிந்திருந்தாலும் நீதித் துறையில் அதன் படி இருக்கக்கூடும். பொருளடக்கத்தின் குறுக்குக் குறிப்புகள் வழிகாட்டும். முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களைப் பொறுத்தவரை இராணுவக் கோப்பு எல்லைக்கல்லோடு நின்றுவிடும். மறுநாள் முதல் அவர்களைப் பற்றி எழுதும் வேலை தாலுகா போலீசுக்கும், 1866 முதல் இருந்துவரும் வேலூர் நகராட்சிக்கும் போகிறது. குடிசை அகற்றல், தெருச் சுகாதாரம், குடிநீர்க் கிணறு என்று தொடர்பே இல்லாதது போலத் தோன்றும் தலைப்புகளில், முகாமை ஒட்டிய தெருக்களின் பெயர்களை வைத்துக்கொண்டு அடுத்த தேடலைத் தொடங்குங்கள்.